யார் கண்ணிலும் படாத கலைக்கூடங்கள்: லத்தீனெக்ஸ் கலை அமைப்புகளை ஆய்வு செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

லத்தீனெக்ஸ் என்பது அமெரிக்காவில் வாழும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரை ஆண், பெண் பேதமின்றிக் குறிக்கும் சொல். லத்தீனோ, ஹிஸ்பானிக் என்ற சொற்களும் ஏறக்குறைய அவர்களையே குறிக்கும். அவர்களுடைய கலை அமைப்புகளைத் தேட, ஒரு சின்னச் சோதனையிலிருந்து தொடங்கலாம். அமெரிக்க வருமான வரித் துறையான ஐஆர்எஸ், வரிவிலக்குப் பெற்ற அமைப்புகளின் பட்டியலை மாநிலவாரியாக இலவசமாகவே தருகிறது. கலிஃபோர்னியா கோப்பை இறக்கி எக்செல்லில் திறந்து, லாஸ் ஏஞ்சலஸ் வட்டாரத்தை மட்டும் வடிகட்டி, பெயர்ப் பத்தியில் லத்தீனோ, ஹிஸ்பானிக், சிகானோ (மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கர்), மெக்சிகன் என்ற நான்கு சொற்களைத் தேடிப் பாருங்கள். வந்ததை எண்ணி, "இந்த ஊரில் இவ்வளவுதான்" என்று எழுதிவிடத் தோன்றும்.

எழுதிவிடாதீர்கள். அந்தத் தேடலில் செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ் வராது. கரென் பொக்காலெரோ என்ற பிரான்சிஸ்கன் கன்னியாஸ்திரி 1970-களின் தொடக்கத்தில் கிழக்கு லாஸ் ஏஞ்சலஸில் வளர்த்தெடுத்த அச்சுப்பட்டறை அது. அதைத் தள்ளிவிட்டுச் சிகானோ கலையின் வரலாற்றை எழுதவே முடியாது. ஸ்பார்க் வராது. வெள்ள வடிகால் சுவரில் ஏறக்குறைய அரை மைல் நீளத்துக்குக் கலிஃபோர்னியாவின் வரலாற்றைத் தீட்டிய ஜூடி பாக்கா 1976-இல் இணைந்து தொடங்கிய அமைப்பு அது. லிங்கன் பார்க்கில் 1970 முதல் இயங்கும் பிளாசா டி லா ராசாவும் வராது. சில்மாரில் புத்தகக் கடையும் பண்பாட்டு மையமுமாக இருக்கும் தியா சுச்சாஸ், பாயில் ஹைட்ஸில் நாடகம் போடும் காசா 0101 எதுவும் வராது. எல்லாருக்கும் தெரிந்த அமைப்புகளுக்கே இந்தக் கதி என்றால், மாதா கோவில் கூடத்தில் சனிக்கிழமைதோறும் பிள்ளைகளுக்கு நடனம் சொல்லித்தரும் குழு என்ன ஆகும்?

பட்டியலில் இல்லாதது வேறு, ஊரில் இல்லாதது வேறு. இந்தத் துறையில் வரும் பல அறிக்கைகள் இரண்டையும் குழப்பிக்கொள்கின்றன. கீழே சொல்லப்போகும் படிகளில் பாதிக்கு மேல் இந்த ஒரு குழப்பத்தைத் தவிர்ப்பதற்கானவைதான். உதாரணங்களைப் பெரும்பாலும் லாஸ் ஏஞ்சலஸிலிருந்தே எடுத்திருக்கிறேன். 2020 கணக்கெடுப்பின்படி அந்தக் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) மக்களில் ஏறக்குறைய பாதிப் பேர் லத்தீனோக்கள்.

படி 1: யாருடைய கண்ணுக்கு?

தேவை என்பது ஒரு கேள்வி. கண்ணில் படுவது இன்னொரு கேள்வி. முன்னதில் "இந்த அமைப்பு அடுத்த ஆண்டும் கதவைத் திறக்க என்ன வேண்டும்?" என்று கேட்கிறோம். பின்னதில் "யாருக்குத் தெரிகிறது, யாருக்குத் தெரியவில்லை?" என்று கேட்கிறோம். இரண்டும் ஒன்றையொன்று தின்னும். மானிய விண்ணப்பம் எழுத ஆள் இல்லாததால் அறக்கட்டளைக்குத் தெரியவில்லை. அறக்கட்டளைக்குத் தெரியாததால் ஆள் வைக்கக் காசில்லை. ஆனாலும் குறிப்பேட்டில் இரண்டையும் தனித்தனியே எழுதுங்கள்.

முக்கியமாக, "யாருடைய கண்ணுக்கு" என்பதைச் சொல்லாமல் கண்ணில் படுவதைப் பற்றிப் பேசக் கூடாது. செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ் 1970-களில் தொடங்கிய இறந்தோர் நாள் கொண்டாட்டம் தெருவுக்கே தெரியும். அதே அமைப்பு நியூயார்க்கில் உட்கார்ந்து மானியம் பிரிப்பவருக்குத் தெரிய எத்தனை ஆண்டாகும் என்பது வேறு கதை. அக்கம்பக்கம், பார்வையாளர், பத்திரிகை, மானியம் தருபவர், அருங்காட்சியகம், ஆய்வாளர் என்று ஆறு கண்களைத் தனித்தனியே பிரித்துக்கொண்டால் பிறகு சிக்கல் குறையும்.

ஆய்வு எதற்குப் பயன்படப்போகிறது என்பதையும் முதலிலேயே முடிவு செய்யுங்கள். 1994-இல், பல தேசிய அருங்காட்சியகங்களை நடத்தும் ஸ்மித்சோனியன் அமைத்த குழு ஒன்று, லத்தீனோக்களை அந்த நிறுவனம் நடத்திய விதத்தைப் பற்றி அறிக்கை தந்தது. "வேண்டுமென்றே செய்த புறக்கணிப்பு" என்ற பொருளில் தலைப்பு. மழுப்பலே கிடையாது. அதற்குப் பிறகு 26 ஆண்டு கழித்து, 2020 டிசம்பரில்தான் அமெரிக்க லத்தீனோ தேசிய அருங்காட்சியகத்துக்கான சட்டம் நிறைவேறியது. 2022-இல் ஒரு காட்சிக்கூடம் திறந்தது, அதுவும் வேறொரு அருங்காட்சியகத்துக்குள். தாமதம் தாமதம்தான். ஆனாலும் அந்த அறிக்கையை இன்றைக்கும் எடுத்துப் பேசுகிறார்கள் என்றால், யாரிடம் என்ன கேட்கிறோம் என்பதை அது தெளிவாகச் சொன்னதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

படி 2: யாரைச் சேர்ப்பது?

முதல் வில்லங்கம் பெயரிலேயே இருக்கிறது. லத்தீனெக்ஸ் என்ற சொல் பல்கலைக்கழகங்களிலும் கலை உலகிலும் அடிபடும் அளவுக்கு வீடுகளில் புழங்கவில்லை. ப்யூ ஆய்வு மையம் 2020-இல் வெளியிட்ட கணக்கில், ஹிஸ்பானிக் பெரியவர்களில் 3 சதவீதம் பேர்தான் தங்களை அப்படிச் சொல்லிக்கொண்டார்கள். 2024-இல் அந்தச் சொல்லைக் கேள்விப்பட்டவர்கள் ஏறக்குறைய பாதியாக உயர்ந்தும், பயன்படுத்துபவர்கள் 4 சதவீதத்தைத் தாண்டவில்லை. ஆகவே அறிக்கையின் தலைப்பில் என்ன போட்டாலும், கேள்வித்தாளில் "நீங்கள் உங்களை எப்படிச் சொல்லிக்கொள்கிறீர்கள்?" என்று காலி இடம் விடுங்கள். சிகானா, நூயோரிக்கன் (நியூயார்க்கின் போர்ட்டோ ரிக்கர்), போரிக்குவா (போர்ட்டோ ரிக்கர்), தெஹானோ (டெக்சாஸின் மெக்சிகோ வம்சாவளியினர்), ஆஃப்ரோ லத்தீனா என்று வரும் பதில்கள் ஒவ்வொன்றும் ஓர் ஊரையும் ஒரு காலத்தையும் சுமந்து வருபவை. அவற்றை ஒரே பெட்டிக்குள் திணித்தபின் மீட்க முடியாது.

அடுத்து எல்லை. 1977-இல் அமெரிக்க அரசு வகுத்த வரையறை மெக்சிகோ, போர்ட்டோ ரிக்கோ, கியூபா, மத்திய, தென் அமெரிக்கா அல்லது பிற ஸ்பானியப் பண்பாடு என்று போகிறது. பிரேசில்? அங்கே பேசுவது போர்த்துகீசியம் என்பதால் கணக்கெடுப்பு அலுவலகம் வழக்கமாக அவர்களை வெளியே எடுத்துவிடும். 2020-இல் ஆண்டுக் கணக்கெடுப்பில் நேர்ந்த ஒரு தவறால் அந்த வடிகட்டல் விட்டுப்போனது. குறைந்தது 4,16,000 பிரேசிலியர்கள் தங்களை ஹிஸ்பானிக் அல்லது லத்தீனோ என்று குறித்திருந்தது அப்போதுதான் வெளியே தெரிந்தது. முந்தைய ஆண்டில் அந்த எண்ணிக்கை 14,000. மக்கள் மாறிவிடவில்லை, வடிகட்டி ஒரு வருடம் வேலை செய்யவில்லை, அவ்வளவுதான். உங்கள் எக்செல்லிலும் இப்படி ஒரு வடிகட்டி சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருக்கும். அது எது என்று எழுதி வையுங்கள்.

எதிர்ப்பக்கத்தில், லாஸ் ஏஞ்சலஸில் வாழும் ஓஹாக்கா மாநிலத்துச் சபோடெக் மக்களின் இசைக்குழுவை நாமாக லத்தீனோ என்று குறித்தால், "நாங்கள் பூர்வகுடிகள்" என்று அவர்கள் திருத்தலாம். திருத்தினால் ஏற்றுக்கொள்ளுங்கள்.

லத்தீன் அமெரிக்கக் கலையும் லத்தீனெக்ஸ் கலையும் ஒன்றல்ல என்பதையும் மறக்கக் கூடாது. சாவோ பாவ்லோவிலோ மெக்சிகோ சிட்டியிலோ பெயர் வாங்கிய ஓவியருக்கு ஏல நிறுவனங்களும் சேகரிப்பாளர்களும் உண்டு. பாயில் ஹைட்ஸில் பிறந்து அங்கேயே வரைபவருக்கு அந்தச் சந்தையும் கிடையாது, "அமெரிக்கக் கலை" என்ற அலமாரியில் இடமும் சுலபத்தில் கிடைக்காது. அருங்காட்சியகம் ஒன்று "லத்தீன் கலைக்கு இவ்வளவு செலவிட்டோம்" என்று சொன்னால், அதில் எவ்வளவு எந்தப் பக்கம் போனது என்று பிரித்துக் கேளுங்கள்.

என் யோசனை: அமைப்பின் நோக்கம், தலைமை, பார்வையாளர் என்று மூன்று பத்தி வையுங்கள். மூன்றிலும் ஆம் என்றால் ஒரு வகை, ஒன்றில் மட்டும் ஆம் என்றால் வேறு வகை. குடும்பப் பெயரைப் பார்த்து நாமாக ஊகிக்கும் வேலை மட்டும் வேண்டாம். 2019-இல் வந்த ஓர் ஆய்வு, 18 பெரிய அமெரிக்க அருங்காட்சியகங்களின் சேகரிப்பில் உள்ள கலைஞர்களில் 85 சதவீதம் வெள்ளையர், 2.8 சதவீதம் ஹிஸ்பானிக் அல்லது லத்தீனெக்ஸ் என்று சொன்னது. பலரும் மேற்கோள் காட்டும் எண் அது. அந்தக் கலைஞர்களின் இனத்தை இணையத்தில் கூலிக்கு அமர்த்தப்பட்டவர்கள் தேடிப் பார்த்து முடிவு செய்தார்கள். மொத்தப் படத்துக்கு அது போதும். தனி ஒரு கலைஞரையோ ஓர் அமைப்பையோ வகைப்படுத்த அது போதாது.

படி 3: பட்டியல் தயாரித்தல் (இங்கேதான் பாதி நேரம் போகும், போகட்டும்)

மூன்று வலைகளை வீச வேண்டும். ஒன்றில் தப்பியது இன்னொன்றில் விழும்.

முதல் வலை அரசுக் கோப்பு. ஐஆர்எஸ் பட்டியலில் பெரும்பாலான அமைப்புகளுக்கு ஒரு வகைக் குறியீடு இருக்கும். 'ஏ' என்று தொடங்குபவை கலை, பண்பாடு. ஏ23 இனப் பண்பாட்டு அமைப்புகளுக்கு. அமெரிக்கத் தமிழ்ச் சங்கம் ஒன்றை அந்தக் கோப்பில் தேடுவதாக இருந்தாலும் நான் முதலில் பார்ப்பது அந்த வரிசையைத்தான். ஆனால் நடனம் கற்றுத்தரும் சமூக மையம் ஒன்று கல்வி என்றோ, குடியேறியோர் சேவை என்றோ குறிக்கப்பட்டிருக்கலாம். அதனால் 'ஏ' வரிசையோடு நிறுத்தாமல் பி, பி84, எஸ் வரிசைகளுக்குள்ளும் தேடுங்கள். இவற்றில் முதல் பி கல்விக்கான ஆங்கில எழுத்து, பி84-இல் வருவது பென்சிலுக்குரிய எழுத்து. தமிழில் இரண்டும் ஒரே மாதிரி இருப்பது நம் தலைவிதி.

தேடுசொற்களை ஸ்பானிஷிலும் போடுங்கள்: தாயேர் (பட்டறை), சென்ட்ரோ (மையம்), தேயாட்ரோ (நாடகம்), கலேரியா (காட்சிக்கூடம்), காசா (வீடு), ராசா (இனம்), பாரியோ (பேட்டை), ஃபோக்லோரிகோ (நாட்டார் கலை), மரியாச்சி (மெக்சிகோ இசைக்குழு), தன்சா (நடனம்). கோப்பில் எல்லாம் பெரிய எழுத்தில், உச்சரிப்புக் குறிகள் இல்லாமல் இருக்கும். பிலடெல்பியாவில் 1974-இல் தொடங்கிய தாயேர் போர்ட்டோரிக்கேன்யோவைச் சரியான ஸ்பானிஷ் எழுத்துகளில், வளைகோட்டோடு தட்டச்சு செய்து தேடினால் கணினி கைவிரிக்கும். இன்னொரு பக்கம், "லத்தீன்" என்று மட்டும் போட்டால் பழைய ரோமாபுரி மொழி கற்பிக்கும் சங்கங்களும் வந்து நிற்கும். எல்லாவற்றையும் கண்ணால் ஒருமுறை பார்த்தே தீர வேண்டும்.

இரண்டாவது வலை மானியப் பட்டியல்கள். சான் அன்டோனியோவில் 1989-இல் தொடங்கிய நாலாக், நாடு முழுக்க லத்தீனோ கலைஞர்களுக்கும் அமைப்புகளுக்கும் மானியம் தருகிறது. யார் யார் பெற்றார்கள் என்பது பொதுவில் கிடைக்கும். கவுண்டியின் கலைத் துறை, மாநிலக் கலைக் குழு ஆகியவற்றின் பட்டியல்களையும் எடுங்கள். தனியார் அறக்கட்டளைகள் 990-பிஎஃப் என்ற படிவத்தில் யாருக்கு எவ்வளவு கொடுத்தோம் என்று வரிவரியாக எழுதியாக வேண்டும். புலனாய்வுச் செய்தி நிறுவனமான ப்ரோபப்ளிகாவின் இணையத் தேடல் பக்கத்தில் அவற்றை இலவசமாகப் படிக்கலாம்.

மூன்றாவது வலை தெரு. இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுகிறார்கள். சுவரோவியத்தின் கீழ் மூலையில் பெயர்கள் எழுதியிருக்கும், புகைப்படம் எடுங்கள். ரொட்டிக் கடைக் கண்ணாடியில் ஒட்டிய சுவரொட்டி, நூலகப் பலகை, மாதா கோவில் அறிவிப்பு, பழைய விழா அழைப்பிதழ் எல்லாம் ஆவணம்தான். சான்டா பார்பரா பல்கலைக்கழக நூலகத்தில் செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ், சான் ஃபிரான்சிஸ்கோவின் கலேரியா டி லா ராசா ஆகியவற்றின் பழைய காகிதங்கள் இருக்கின்றன. நியூயார்க் ஹண்டர் கல்லூரியில் போர்ட்டோ ரிக்கோ ஆய்வு மையம் இருக்கிறது. பழைய அழைப்பிதழ்களின் பின்பக்கம் நன்றி சொல்லும் பட்டியல் தங்கச் சுரங்கம். நேரில் போனால் ஒரு கேள்வி போதும்: "விழாவுக்கு நாற்காலி, ஒலிபெருக்கி யாரிடம் இரவல் வாங்குவீர்கள்?" பதிலில் இரண்டு மூன்று புதுப் பெயர் நிச்சயம் வரும். "வேறு எந்த அமைப்புகளைத் தெரியும்?" என்று கேட்டால் எல்லாருக்கும் தெரிந்த பெயரைத்தான் சொல்வார்கள்.

வேறொன்றுக்குள் ஒளிந்திருப்பவை தனி. ஈஸ்ட் லாஸ் ஏஞ்சலஸ் கல்லூரிக்குள் வின்சென்ட் பிரைஸ் அருங்காட்சியகம் இருக்கிறது. ரிவர்சைடில் 2022-இல் திறந்த சீச் மரின் மையம் ரிவர்சைடு கலை அருங்காட்சியகத்தின் ஒரு பகுதி. இப்படிப்பட்டவை வரிக்கோப்பில் தனி அமைப்பாக இல்லாமல் போகலாம். பதிவு செய்யாமல் இன்னோர் அமைப்பின் கணக்கு வழியாக நன்கொடை வாங்கும் குழுக்களும் அப்படியே. போர்ட்டோ ரிக்கோ தீவையும் சேர்ப்பதாக இருந்தால், உள்ளூர் வரிச் சட்டப்படி மட்டும் விலக்குப் பெற்றவை ஐஆர்எஸ் கோப்பில் இருக்காது என்பதை நினைவில் வையுங்கள்.

சரி, கண்டுபிடிக்காதது இன்னும் எவ்வளவு இருக்கும்? குளத்து மீனை எண்ணுபவர்கள் செய்யும் கணக்கு ஒன்று உதவும். கோப்பு வழியாக 60 அமைப்பு கிடைத்தது, தெரு வழியாக 50 கிடைத்தது, இரண்டிலும் இருப்பவை 20 என்று வைத்துக்கொள்வோம். 60-ஐ 50-ஆல் பெருக்கி 20-ஆல் வகுத்தால் 150. உங்கள் கையில் இருப்பதோ 90. ஆக, 60 அமைப்பு இன்னும் கண்ணில் படவில்லை என்று மதிப்பிடலாம். இரண்டு பட்டியலும் ஒன்றையொன்று சாராதவை என்ற அனுமானத்தில்தான் இந்தக் கணக்கு நிற்கிறது. நடைமுறையில் ஒன்றில் இருப்பது மற்றொன்றிலும் இருக்கவே வாய்ப்பு அதிகம், அதனால் உண்மை எண்ணிக்கை 150-க்கும் மேலே இருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம். அறிக்கையில் இந்த ஒரு எண் இருந்தாலே படிப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

படி 4: 990 படிவத்தைப் படித்தல்

990 என்பது வரிவிலக்குப் பெற்ற அமைப்புகள் ஆண்டுதோறும் ஐஆர்எஸிடம் தாக்கல் செய்யும் கணக்குப் படிவம். முதலில் அளவு. ஆண்டு வரவு பொதுவாக 50,000 டாலருக்குள் இருந்தால் 990-என் என்ற மின்னஞ்சலட்டை போதும். அதில் எட்டே தகவல்கள். பெயர், முகவரி, பொறுப்பாளர் பெயர் இப்படி. வரவுசெலவு ஒரு வரிகூட இருக்காது. வரவு 2 லட்சம் டாலருக்கும் சொத்து 5 லட்சம் டாலருக்கும் கீழே இருந்தால் சுருக்கப் படிவம். அதற்கு மேல் முழுப் படிவம். ஆக, பணக்கணக்கை வைத்து மட்டும் நடக்கும் ஆய்வு எதுவும் மின்னஞ்சலட்டைக்காரர்களைத் தானாகவே வெளியே தள்ளிவிடுகிறது. தொடர்ந்து மூன்று ஆண்டு தாக்கல் செய்யாவிட்டால் விலக்கு தானாக ரத்தாகும். ரத்தானவர்களின் பட்டியலையும் ஐஆர்எஸ் வெளியிடுகிறது. அதை இறந்தவர் பட்டியல் என்று நினைத்து ஒதுக்காதீர்கள். பொருளாளர் ஊர் மாறிப்போனதால் படிவம் விட்டுப்போய், குழு பாட்டுக்கு ஆடிக்கொண்டிருக்கலாம்.

முழுப் படிவம் கிடைத்தால் ஒரு கற்பனை நடனக் குழுவை வைத்துப் பார்ப்போம். ஆண்டுச் செலவு 2,40,000 டாலர், அதாவது மாதம் 20,000. சொத்துப் பக்கத்தில், நன்கொடையாளர் நிபந்தனை இல்லாத நிகரச் சொத்து 95,000. பரவாயில்லையே என்று தோன்றும். அதே பக்கத்தில் கட்டடமும் கருவியும் 65,000 என்று இருக்கிறது. தரைப்பலகையைக் கழற்றி விற்றுச் சம்பளம் போட முடியாது. கழித்தால் 30,000. ஒன்றரை மாதம். ஒரு மானியம் தாமதமானால் குழு நின்றுவிடும்.

அடுத்து ஊதியப் பக்கம். நிறுவனர் வாரத்துக்கு 40 மணி நேரம் உழைப்பு, ஊதியம் பூஜ்யம். நன்கொடையாளர் கண்ணுக்கு இது "நிர்வாகச் செலவு குறைவு" என்ற நற்சான்றாகத் தெரியும். உண்மையில் அவருடைய கணவரோ மனைவியோ மகளோ வேறெங்கோ வேலை பார்த்து இந்தக் குழுவுக்கு மானியம் கொடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நிதி திரட்டும் செலவு என்ற பத்தியிலும் பூஜ்யம் இருந்தால், பெரும்பாலும் விண்ணப்பம் எழுத ஆள் இல்லை என்று பொருள். பூஜ்யங்கள்தான் இந்தப் படிவத்தில் அதிகம் பேசும்.

ஒரே ஆண்டுப் படிவத்தை நம்ப வேண்டாம். மூன்று ஆண்டுக்கு உறுதியான மானியம் கிடைத்தால் கணக்கியல் விதிப்படி முழுத்தொகையும் முதல் ஆண்டு வரவில் ஏறும். அடுத்த இரண்டு ஆண்டும் நஷ்டம் போலத் தோன்றும். 2021-இல் பெரும் கொடையாளர் மெக்கென்சி ஸ்காட் சிகாகோவின் மெக்சிகன் கலைத் தேசிய அருங்காட்சியகத்துக்கு 80 லட்சம் டாலரும், நியூயார்க்கின் பாலே ஹிஸ்பானிகோவுக்கு 1 கோடி டாலரும் கொடுத்தார். அந்த ஒரு வருடத்தை எடுத்துச் சராசரி போட்டால் "லத்தீனோ அமைப்புகள் செழிக்கின்றன" என்ற அபத்தம் வரும். ஐந்தாண்டு எடுங்கள், சராசரியைவிட நடு எண்ணைப் பாருங்கள்.

படி 5: கண்ணில் படுவதை அளத்தல்

ஆறு கண்கள் என்று சொன்னேன் அல்லவா, ஒவ்வொன்றுக்கும் ஓர் அளவுகோல் வையுங்கள். பத்திரிகைக்குச் செய்தி எண்ணிக்கை. மானியம் தருபவருக்கு எத்தனை தனித்தனி அறக்கட்டளை. அருங்காட்சியகத்துக்கு அது இரவலாகப் பெற்ற, விலைக்கு வாங்கிய படைப்புகள். ஆய்வாளருக்கு ஆவணக் காப்பகமும் ஆய்வேடுகளும். அக்கம்பக்கத்துக்கும் பார்வையாளருக்கும் வரைபடச் செயலியில் பெயர் சரியாக வருகிறதா என்ற எளிய சோதனை.

செய்தி எண்ணும்போது ஆங்கிலத்தோடு நிற்காதீர்கள். லாஸ் ஏஞ்சலஸில் லா ஒப்பினியோன் 1926 முதல் வருகிறது. ஆங்கிலத் தாள்களில் பத்தாண்டுக்கு ஒரு முறை வரும் பெயர் அதில் மாதாமாதம் வரலாம். வந்த செய்தியின் தரத்தையும் பிரியுங்கள்: நிகழ்ச்சி அறிவிப்பு, விமர்சனம், நேர்காணல், சிக்கல். சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் பகுதியில் 1970 முதல் இயங்கிய கலேரியா டி லா ராசா, 2018-இல் வாடகை ஏறி, தன் நெடுநாள் இடத்தை இழந்தது. அந்த நேரத்தில் செய்தி நிறைய வந்தது. காலி செய்யும்போதுதான் பெயர் அச்சில் வருகிறது என்றால், அந்தச் செய்திகளைக் கூட்டி "நல்ல கவனம் பெற்ற அமைப்பு" என்று மதிப்பெண் போடுவது கொடுமை.

காலத்தையும் கவனியுங்கள். 2017 செப்டம்பர் முதல் சில மாதங்கள், கெட்டி அறக்கட்டளையின் ஆதரவில் தென் கலிஃபோர்னியாவில் 70-க்கும் மேற்பட்ட நிறுவனங்கள் லத்தீன் அமெரிக்க, லத்தீனோ கலைக் கண்காட்சிகள் நடத்தின. அந்த ஆண்டை அளந்தால் எல்லாம் ஜொலிக்கும். 2016-ஐயும் 2019-ஐயும் சேர்த்து அளந்தால்தான் விளக்கு அணைந்த பிறகு என்ன மிஞ்சியது என்று தெரியும்.

படி 6: போய்ப் பேசுங்கள்

நான் ஒருமுறை அறுபது கேள்விப் படிவம் ஒன்றைத் தயாரித்து, அழகாக அனுப்பி, காத்திருந்தேன். பதில் வந்தது எல்லாம் சம்பளத்துக்கு ஆள் வைத்திருக்கும் அமைப்புகளிடமிருந்து. யாருடைய தேவையைக் கேட்கப் போனேனோ அவர்களுக்குப் படிவம் நிரப்ப நேரமில்லை. இதைக் கண்டுபிடிக்க ஆய்வாளர் வேண்டியதில்லை, எனக்குத்தான் மூன்று மாதம் பிடித்தது.

அதன்பின் கற்றுக்கொண்டவை: படிவம் பன்னிரண்டு கேள்விக்குள், கைபேசியில் பத்து நிமிடத்தில் முடிய வேண்டும். மீதி நேர்காணலில். பேசும் நேரத்துக்குப் பணம் கொடுங்கள். ஆலோசகருக்கு மணிக்கணக்கில் கொடுக்கும் நாம், தகவல் தருபவருக்குக் காபி வாங்கிக் கொடுத்து அனுப்புவது நியாயமில்லை. செப்டம்பர் 15 முதல் அக்டோபர் 15 வரை ஹிஸ்பானிக் பாரம்பரிய மாதம். உடனே நவம்பர் 1, 2 இறந்தோர் நாள். அந்த ஏழெட்டு வாரம் எல்லாரும் இவர்களை மேடைக்கு அழைக்கும் காலம், தொலைபேசியை எடுக்கக்கூட ஆள் இருக்காது. ஜனவரி, பிப்ரவரி நல்லது.

மொழி விஷயத்தில் இரண்டு பக்கமும் வழுக்கும். எல்லாருக்கும் ஸ்பானிஷ் படிவம் அனுப்பினால், ஆங்கிலத்திலேயே வளர்ந்த இளையவர்கள் சங்கடப்படுவார்கள். ஆங்கிலம் மட்டும் அனுப்பினால் மூத்தவர்கள் விலகுவார்கள். இரண்டும் அனுப்புங்கள். மொழிபெயர்ப்பை அந்த வட்டாரத்து ஆள் ஒருவர் படித்துப் பார்க்கட்டும். போர்ட்டோ ரிக்கோ வழக்கு மெக்சிகோக்காரர் காதில் அந்நியமாக விழும். "உங்கள் நிறுவனத்தின் ஊழியர் எண்ணிக்கை" போன்ற கேள்வி, தங்களைக் கூட்டு என்றும் பட்டறை என்றும் சொல்லிக்கொள்பவர்களிடம் செல்லாது. "ஒரு நிகழ்ச்சிக்கு எத்தனை பேர் கை கொடுக்கிறீர்கள், அதில் எத்தனை பேருக்குக் காசு?" என்று கேளுங்கள்.

குடியேற்ற நிலை பற்றி ஒருபோதும் கேட்காதீர்கள். பேச்சில் தானாக வந்தாலும் குறிப்பில் எழுதாதீர்கள், பதிவில் இருந்தால் அழித்துவிடுங்கள். எழுதாத குறிப்பை எந்த நீதிமன்றமும் கேட்டு வாங்க முடியாது.

"உங்களுக்கு என்ன தேவை?" என்ற கேள்விக்கு எல்லாரும் "பணம்" என்பார்கள். உண்மைதான், ஆனால் பயனில்லாத உண்மை. "சென்ற மாதம் எதற்குக் கைக்காசு போட்டீர்கள்?", "எந்த மானியத்துக்கு விண்ணப்பிக்க ஆரம்பித்துப் பாதியில் விட்டீர்கள், எந்தப் பக்கத்தில் விட்டீர்கள்?", "நீங்கள் ஆறு மாதம் படுத்துவிட்டால் சாவி யாரிடம் இருக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள். கடைசிக் கேள்விக்கு வரும் மௌனத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

படி 7: தேவைகளை வகை பிரித்தல்

இடம் எப்போதும் மேலே வரும். செல்ஃப் ஹெல்ப் கிராஃபிக்ஸ் நெடுங்காலம் இருந்த கட்டடம் 2008-இல் கைமாறியது. 2011-இல் பாயில் ஹைட்ஸுக்குப் போனார்கள். 2018-இல் அந்தக் கட்டடத்தைச் சொந்தமாக்கிக்கொண்டார்கள். இடத்துக்காக மட்டும் பத்தாண்டு. ஆகவே "வாடகை உதவி" என்றும் "சொந்த இடம்" என்றும் பிரித்துப் பதியுங்கள், இரண்டும் வேறு வேறு மருந்து கேட்கும் நோய்.

அதிகம் பேசப்படாதது பணம் வரும் வரிசை. பல அரசு மானியங்கள் முதலில் செலவு செய், பிறகு ரசீது காட்டு, அப்புறம் தருகிறோம் என்பவை. என்இஏ எனப்படும் தேசியக் கலை நிதியின் மானியத்துக்குப் பொதுவாக டாலருக்கு டாலர் வேறிடத்திலிருந்து காட்ட வேண்டும். ஒன்றரை மாதக் கையிருப்புள்ள குழுவுக்கு இப்படிப்பட்ட மானியம் கிடைப்பதே ஆபத்து. 2025 மே மாதம் என்இஏ பல மானியங்களை மின்னஞ்சலில் ரத்து செய்தது. அந்தத் தேதிக்கு முன் எடுத்த பேட்டியையும் பின் எடுத்ததையும் ஒரே குவியலில் போடாதீர்கள்.

தலைமை மாற்றம் மூன்றாவது. 1965 முதல் 1980 வரை முளைத்த அமைப்புகளின் நிறுவனர்கள் வயதாகிவிட்டார்கள் அல்லது போய்விட்டார்கள். கூடவே வருவது ஆவணம்: கட்டிலுக்கடியில் அட்டைப்பெட்டியில் கிடக்கும் பட்டுத்திரை அச்சுகள், ஒளிநாடாக்கள். இது தேவைப் பத்தியிலும் வரும், கண்ணில் படுவது என்ற பத்தியிலும் வரும், இரண்டிலும் எழுதுங்கள்.

படி 8: ஒப்பிடுதல்

கவுண்டி மக்கள்தொகையில் லத்தீனோக்கள் 48 சதவீதம், கலை மானியத்தில் இவ்வளவு என்று போடும் ஒப்பீடு தலைப்புச் செய்திக்கு உதவும். ஆனால் எதிரில் இருப்பவர் உடனே "சிறிய அமைப்புகள் எல்லாமே குறைவாகத்தான் பெறுகின்றன" என்பார். அதிலும் உண்மை உண்டு: 2017-இல் வந்த ஓர் ஆய்வுப்படி, அமெரிக்காவின் மிகப் பெரிய 2 சதவீதக் கலை நிறுவனங்களே நன்கொடை வருவாயில் 58 சதவீதத்தைப் பெறுகின்றன. எனவே இரண்டாவது ஒப்பீடும் செய்யுங்கள். ஒரே அளவு, ஒரே வயது, ஒரே கலைவடிவம் கொண்ட மற்ற அமைப்புகளோடு வைத்துப் பாருங்கள். அப்போதும் இடைவெளி இருந்தால் அந்த வாதத்துக்கு இடமில்லை. இல்லாமல் போனால் அதையும் ஒளிக்காமல் எழுதுங்கள்.

படி 9: திருப்பிக் கொடுத்தல்

அறிக்கையை அச்சுக்கு அனுப்பும் முன் பேட்டி கொடுத்தவர்களிடம் அவரவர் பகுதியைக் காட்டுங்கள். நிதி நெருக்கடியில் இருப்பதைப் பெயரோடு போட்டால் அடுத்த மானியம் கைநழுவலாம். பெயர் வேண்டுமா வேண்டாமா என்பதை அவர்கள்தான் சொல்ல வேண்டும். ஸ்பானிஷிலும் நாலு பக்கச் சுருக்கம் ஒன்று வேண்டும். அதோடு ஒவ்வோர் அமைப்புக்கும் அவர்களைப் பற்றி நீங்கள் திரட்டிய ஐந்தாண்டுக் கணக்கு, செய்தித் துணுக்குகள், காப்பகக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பாகக் கட்டி அனுப்புங்கள். அடுத்த விண்ணப்பத்தில் அப்படியே ஒட்டிக்கொள்வார்கள்.

பட்டியலைப் பொதுவில் வைத்த சில நாளில் ஒரு கடிதம் வரும்: "முப்பது வருடமாக நடத்துகிறோம், எங்கள் பெயர் எங்கே?" மன்னிப்புக் கேட்டு, புதிய வரி ஒன்று சேர்த்து, தேதி போட்டு, பக்கத்தில் இன்னொரு பத்தியில் எந்த வலையில் தப்பினார்கள், ஏன் என்று எழுதுங்கள். வேறு குறியீடா, மின்னஞ்சலட்டையா, மாதா கோவிலின் கணக்கா, பெயரில் ஒரு வளைகோடா? அடுத்த ஆண்டு தேடலை அந்தப் பத்தியிலிருந்து தொடங்கலாம்.